மூன்று எண்ணும் வரை

பீன்யா மல்யுத்தக் கொட்டகையில் ஆஞ்சலாவைப் போல் வசை வாங்கியவர்கள் யாருமில்லை. அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாலே போதும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கார்மென்ட்ஸ் பெண்கள் நாற்காலிமேல் ஏறி நின்றுவிடுவார்கள். தமிழில் திட்டுவார்கள், அது போதாமல் கன்னடத்துக்குத் தாவுவார்கள். அவள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மைக்கை வாங்கி, இந்த இடம் ஏன் இப்படி நாறுகிறது என்று கான்வென்ட் இங்கிலீஷில் கேட்பாள். அதற்குமேல் அவள் பேசுவது யாருக்கும் கேட்காது.

நிஜத்தில் ஆஞ்சலா ஃப்ரேசர் டவுனில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். சர்ச் பாடற்குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிறவள். அவள் அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தார், வீட்டில் தமிழ்தான். அந்த மிடுக்கான இங்கிலீஷை ஓஸ்வால்ட் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

லிங்கராஜபுரத்தில் ஜிம் வைத்திருந்த ஓஸ்வால்ட்தான் அந்தக் கம்பெனியை நடத்தியவர். ‘ரிங் ரோடு ரெஸ்லிங்’ என்று பெயர். மூடிப்போன ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் கொட்டகையை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவில் ரிங் கட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். டிவியில் அமெரிக்க மல்யுத்தம் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அங்கே சண்டை போட்டார்கள். பார்க்க வந்தவர்களும் அவர்களே. யார் ஜெயிப்பது என்பதை ஓஸ்வால்ட் முன்பே சொல்லிவிடுவார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும், தெரிந்தும் தொண்டை கிழியக் கத்துவார்கள். முடிவுதான் முன்கூட்டித் தீர்மானித்ததே தவிர, விழுவதும் வலிப்பதும் உண்மை.

ரஞ்சிதம் அங்கே வந்தபோது ஆஞ்சலா ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தாள். ரஞ்சிதத்துக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். பொம்மசந்திராவில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். ஊரில் ஜூடோ கற்று மாநிலப் போட்டி வரை போனவள். நடித்துச் சண்டை போடுவது அவளுக்கு ஆரம்பத்தில் கேவலமாகப்பட்டது. முதல் சண்டையில் அவள் தோற்க வேண்டும் என்று ஓஸ்வால்ட் சொல்லியிருந்தார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, ரிங்குக்குள் ஆஞ்சலாவின் வாயில் நிஜமாகவே ஒன்று விட்டாள். உதடு கிழிந்தது. ஆஞ்சலா அவள் கூந்தலைப் பிடித்து நிஜமாகவே இழுத்தாள். நடுவர் கிளிஃபர்ட் நடுவில் புகுந்து இருவரையும் பிரிப்பதற்குள் அவர் சட்டையில் பொத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

கூட்டம் வெறி பிடித்தாற்போல் ஆடியது. திரைக்குப் பின்னால் நின்றிருந்த ஓஸ்வால்ட் அதைப் பார்த்தார். தனக்கு ஒரு புதையல் கிடைத்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. ‘கன்டோன்மென்ட் சீமாட்டி’ ஆஞ்சலாவுக்கும் ‘தங்கவயல் ராணி’ ரஞ்சிதத்துக்கும் பகை அப்படித்தான் தொடங்கியது. ஏழு வருடம் நடந்தது. பீன்யாவில் மட்டுமல்ல, வைட்ஃபீல்டில் அபார்ட்மென்ட் விழாக்களிலும், குக் டவுன் சர்ச் மைதானத்திலும், ஒருமுறை ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்திலும் அவர்கள் ஒருவரையொருவர் தூக்கிப்போட்டார்கள். மாறி மாறி ஜெயித்தார்கள்.

ஓஸ்வால்ட் இருவருக்கும் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். வெளியே எங்கும் சேர்ந்து தென்படக் கூடாது. “நீங்க ரெண்டு பேரும் ஒரே பேக்கரியில டீ குடிக்கறத எவனாச்சும் போன்ல எடுத்துப் போட்டான்னா, நான் கடைய மூட வேண்டியதுதான்” என்றார். முதல் வருடம் அந்தக் கட்டளை தேவைப்படவில்லை. அவர்களுக்கு ஒருவரையொருவர் நிஜமாகவே பிடிக்காது. ஒருத்தி வேனில் போனால் மற்றவள் பஸ்ஸில் போவாள்.

அது மாறியது குக் டவுன் சண்டையில். கயிற்றின் மேலிருந்து ஆஞ்சலா பாய வேண்டியிருந்தது. மழை பெய்து கயிறு ஈரமாக இருந்ததால் கால் வழுக்கி, தலை முதலில் பட விழுந்தாள். கண் இருட்டியது. ரஞ்சிதம் அந்த இடத்தில் ஓடி வந்து உதைக்க வேண்டும். ஓடிவந்தவள் ஆஞ்சலாவின் கண்களைப் பார்த்தாள். உதைக்கவில்லை. அப்படியே குனிந்து அவள் தலையைத் தன் கையிடுக்கில் வாங்கி, ஹெட்லாக் போட்டவள்போல் இறுக்கினாள். பார்த்தவர்களுக்கு அது கழுத்தை நெரிப்பது போலத்தான் இருந்தது. உண்மையில் அவள் கழுத்து அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“அசையாதடி. நான் புடிச்சிருக்கேன். நான் பேசறது கேட்டா என் கைய அமுக்கு” என்று அவள் காதில் சொன்னாள்.

ஆஞ்சலா அமுக்கினாள். விடாதே, கொல்லு என்று சுற்றிலும் ஜனம் கத்திக்கொண்டிருந்தது. ரஞ்சிதம் அவளைப் பூப்போலப் படுக்க வைத்து, மேலே கையைப் போட்டு, மூன்று எண்ண வைத்துச் சண்டையை முடித்தாள். நடுவர் மூன்று எண்ணும் வரை தோள் தரையில் பட்டிருந்தால் தோல்வி.

மல்யுத்தத்தில் ஹெட்லாக் பிடிக்குள்தான் பேச முடியும். முகம் கூட்டத்துக்குத் தெரியாது. அடுத்து என்ன செய்வது, எந்தப் பக்கம் விழுவது என்று ஒருவர் காதில் மற்றவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது. குக் டவுனுக்குப் பிறகு அவர்கள் அதில் வேறு பேச்சும் பேச ஆரம்பித்தார்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தி கேட்பாள். முழங்கால் இன்னும் வலிக்கிறதா என்று மற்றவள். ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி, ரஞ்சிதத்தின் தம்பி குணசேகருக்கு வேலை கிடைத்தது, பாடற்குழுவில் புதிதாக வந்த டெனர் குரல்காரன் சுருதி தப்புகிறான் — எல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள். மீதியை அடுத்த பிடியில் சொல்வார்கள். ஒருமுறை ரஞ்சிதம் ஏதோ சொல்ல, ஆஞ்சலாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் உடம்பு குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரம் செய்தது.

ஆஞ்சலாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். துபாயிலிருந்து ஒருவன், ஹென்னூரிலிருந்து ஒருவன். வேண்டாம் என்று சொன்னாள். காரணம் கேட்டபோது பேச்சை மாற்றினாள். காரணம் அவளுக்குத் தெரியும். மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களையெல்லாம் கடத்திக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தை அவள் நேசித்தாள். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு முரட்டுப் பிடி மட்டும்தான்.

ஒரு மார்ச் மாதம், வைட்ஃபீல்ட் காட்சியில், பிடிக்குள் இருந்தபடி ரஞ்சிதம் சொன்னாள். கம்பெனி அவளைப் போலந்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறதாம். அடுத்த வியாழக்கிழமை விமானம்.

“ஏர்போர்ட்டுக்கு வர்றியா? இன்னா ஆனாலும் ஆவட்டும், நீ வா” என்றாள்.

ஆஞ்சலா வருவதாகச் சொன்னாள். அன்றைய சண்டையின் முடிவில் அவள் நாற்காலியால் ரஞ்சிதத்தின் முழங்காலை உடைப்பதுபோல் அடிக்க வேண்டும். ராணி காணாமல் போவதற்கு ஓஸ்வால்ட் வைத்திருந்த காரணம் அது. ஆஞ்சலா நாற்காலியை ஓங்கினாள். ரஞ்சிதம் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்த பிறகுதான் அடித்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பஸ் ஹெப்பால் மேம்பாலத்தை நெருங்கும்போது, ரஞ்சிதத்தைச் சுற்றித் தங்கவயலிலிருந்து வேனில் வந்திருக்கும் சொந்தக்காரர்களும், நடுவில் அவளும், அவளை நோக்கித் தான் நடந்து போவதும் கண்முன் வந்தன. அங்கே போனால் அவள் கையைப் பிடித்துவிடுவோம், பிடித்தால் விடமாட்டோம் என்று தோன்றியது. ஹெப்பாலில் இறங்கிவிட்டாள். நிறுத்தத்தில் நின்றபடி, பத்துப் பதினைந்து பஸ்கள் வடக்கே போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வராததற்கு ரஞ்சிதம் ஒன்றும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இருவருக்கும் இடையே வாழ்த்துப் படம் போய்வந்தது. அதற்குமேல் எழுத இருவருக்கும் வரவில்லை.

அதன்பின் பீன்யாவில் ஒவ்வொரு மாதமும் ஆஞ்சலா வெளியே வரும்போது ஜனம் ஒரே கேள்வியைத்தான் கத்தியது: “எங்கடி எங்க ராணி?” முன்வரிசையில் ஆரம்பித்துக் கொட்டகை முழுக்க அது பரவும். ஓஸ்வால்ட் எழுதிக் கொடுத்தபடி அவள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்தாள். உடை மாற்றும் இடத்துக்குத் திரும்பியதும் அதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பாள். அவளோடு சண்டை போட வேறு பெண்கள் வந்தார்கள். ஜூலியா என்று ஒருத்தி, டெல்லியிலிருந்து ஒருத்தி. கெட்டிக்காரிகள். ஹெட்லாக்கில் அடுத்து என்ன என்பதை மட்டும் சொல்வார்கள். அவள் காது இன்னொரு சொல்லுக்காகக் காத்திருந்து ஏமாந்துபோகும்.

மூன்று வருடம் கழித்து, தம்பி குணசேகரின் கல்யாணத்துக்காக ரஞ்சிதம் ஊருக்கு வந்தாள். ஓஸ்வால்ட் எப்படியோ மோப்பம் பிடித்து, கல்யாண வீட்டுக்கே போய் அவளிடம் பேசியிருந்தார். ஒரே ஒரு சண்டை. ராணி திரும்பி வந்து பழி வாங்குகிறாள், ஜெயிக்கிறாள், பகை முடிகிறது. அவள் சம்மதித்துவிட்டாள் என்று ஓஸ்வால்ட் சொன்னபோது ஆஞ்சலா ஜிம்மில் தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டியதைத் திரும்ப விரித்துவிட்டு, ஏன் விரித்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

ஒத்திகைக்கு நேரமில்லை. ரஞ்சிதம் ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து நேரே காரில் வந்து, மறுபக்கத் தடுப்பில் உடை மாற்றிக்கொண்டாள். ஆஞ்சலா அவளை முதலில் பார்த்ததே ரிங்குக்குள்தான். சற்றுப் பருத்திருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கொட்டகையில் நிற்க இடமில்லை. ராணி, ராணி என்று தகரக் கூரை அதிர்ந்தது. ஆஞ்சலா எழுதிக் கொடுத்த வசனத்தை மறந்துவிட்டாள். அவள் பயந்து நிற்கிறாள் என்று ஜனம் எண்ணிக்கொண்டது.

முதல் பிடியை ரஞ்சிதம் போட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகும் கை அதே இடத்தில்தான் வந்து விழுந்தது, காதுக்குக் கீழே, வலிக்காமல்.

“வெயிட் போட்டுட்ட” என்றாள் ஆஞ்சலா.

“உருளக்கெழங்குடி. மூணு வேளையும் அதான்.” கையைச் சற்று மாற்றிப் பிடித்தாள். பிறகு, “அன்னிக்கு ஏன் வரல?”

“ஹெப்பால் வரைக்கும் வந்தேன்.”

“அப்பறம்?”

“இறங்கிட்டேன். உன்ன பார்த்தா விடமாட்டேன்னு தெரிஞ்சுது.”

ரஞ்சிதத்தின் பிடி தளர்ந்தது. ஆஞ்சலா திமிறிக்கொண்டு விடுபட்டதாக நினைத்துக் கூட்டம் கூச்சலிட்டது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கிளிஃபர்ட் நடுவில் வந்து, நடத்துங்கம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அதன் பிறகு பேசவில்லை. பழைய சண்டைகளில் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஒருத்தி தூக்கும் முன்பே மற்றவள் உடம்பு எடையைக் கொடுத்தது. கடைசியில் ரஞ்சிதம் அவளைத் தோளில் ஏற்றிச் சுழற்றித் தரையில் போட்டு, மேலே விழுந்து அமுக்கினாள். ஓஸ்வால்ட் சொன்ன முடிவு இதுதான். கிளிஃபர்ட் தரையைத் தட்டி எண்ணினார். கொட்டகையே சேர்ந்து எண்ணியது. ஒன்று. இரண்டு.

ஆஞ்சலா தோளைத் தூக்கிவிட்டாள்.

கிளிஃபர்ட் அடிக்க ஓங்கிய கையை அந்தரத்தில் நிறுத்தினார். ரஞ்சிதம் திகைத்தாள். ஆஞ்சலா மறந்துவிட்டாள் என்று நினைத்து, மறுபடி தூக்கிப் போட்டு அமுக்கினாள். இரண்டு வரை எண்ணியதும் ஆஞ்சலா மறுபடி எழுந்தாள். ஜனம் நாற்காலிகளின் மேல் ஏறிவிட்டது. திரைக்குப் பக்கத்தில் ஓஸ்வால்ட் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் அப்படியே ஆனது.

“இன்னாடி பண்ற?” என்றாள் ரஞ்சிதம், அவள்மேல் சரிந்தபடி. வியர்வை சொட்டியது. “இதான் முடிவு. சொன்னாங்க இல்ல?”

“தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்.”

எழுந்த ரஞ்சிதம் இம்முறை அவசரப்படவில்லை. ஆஞ்சலாவைக் கை கொடுத்துத் தூக்குவதுபோலத் தூக்கி, கயிற்றுப் பக்கம் தள்ளினாள். திரும்பி வந்தவளிடம் தானே அடி வாங்கி விழுந்தாள். ஓஸ்வால்டின் திட்டத்தில் இல்லாத சண்டை ஒன்றை அவர்கள் போட்டார்கள். ஓசூரில் செய்தது, சர்ச் மைதானத்தில் செய்தது, சின்ன வயதில் துள்ளிச் செய்து இப்போது மெதுவாக மட்டுமே முடிந்தது, எல்லாம். யார் பக்கம் கத்துவது என்று ஜனத்துக்கே குழம்பிப்போய், பேசாமல் பார்க்கத் தொடங்கினார்கள்.

களைத்துப்போன ரஞ்சிதம் மறுபடி ஆஞ்சலாவைத் தரையில் சாய்த்து, முழு எடையோடு அவள்மேல் படுத்தாள். தலையை அவள் தோளில் வைத்தாள்.

“போதும்டி” என்றாள். “என்னால முடியல. கழுத்து வலிக்குது.”

ஆஞ்சலா கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள். கிளிஃபர்ட் பயந்து பயந்து எண்ணினார். மூன்றாவது தட்டு விழுந்தது. மணி அடித்தது. ரஞ்சிதம் உடனே எழுந்திருக்கவில்லை.

உடை மாற்றும் தடுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிடிக்குள் இல்லாமல் பேச வரவில்லை. ஆஞ்சலாவின் மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப்பை ரஞ்சிதம் உரிக்க ஆரம்பித்தாள். அங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது, அடுத்த வாரம் திரும்பிப் போவதாகச் சொன்னாள். ஆஞ்சலா தெரியும் என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, நீ என்மேல் சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது என்றாள்.

“அங்க நல்லாதான் வெச்சிருக்காங்க” என்றாள் ரஞ்சிதம். டேப்பின் கடைசித் துண்டு கையோடு வந்தது. “கை குடுப்பாங்க. அதோட சரி. மூணு வருஷமா யாரும் என்ன இப்படிப் புடிக்கல.”

ஆஞ்சலா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று இருவரும் கவனிக்கவில்லை. வெளியே குணசேகர் கார் ஹாரனை அடித்தான்.

“வா, கார் வரைக்கும் வா” என்றாள் ரஞ்சிதம். ஜனம் நிற்கிறதே என்று ஆஞ்சலா கேட்கவில்லை. கொட்டகை வாசலில் நூறு பேருக்குமேல் நின்றிருந்தார்கள். சீமாட்டியும் ராணியும் கைகோத்துக்கொண்டு வருவதைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. போன்கள் மட்டும் உயர்ந்தன. ஓஸ்வால்ட் ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கார் மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி மறையும்வரை ஆஞ்சலா நின்றாள்.

அதன்பின் பீன்யாவில் அவளை யாரும் திட்டவில்லை. அவள் வெளியே வந்தால் கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் மகிழ்ந்துபோய், இனி நீ நல்லவள், புதிதாக ஒரு கெட்டவளைத் தேடுகிறேன் என்றார். இரண்டு மாதம் கைதட்டல் வாங்கிப் பார்த்தாள். திட்டின காலத்தில் அவர்கள் எல்லோரும் ரஞ்சிதத்தைக் கேட்டுக்கொண்டாவது இருந்தார்கள். இப்போது அந்தப் பெயரே கொட்டகையில் கேட்கவில்லை. கொஞ்ச நாள் வரவில்லை என்று ஓஸ்வால்டிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயல் ரயிலில் ஏறி, சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. ரஞ்சிதத்தின் அம்மா சந்திரம்மா கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாள்.

“நீதானா” என்றாள். “செருப்ப உள்ளயே வுடு. நாய் தூக்கிக்கினு பூடும்.”

ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். ஆஞ்சலா சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, மகளின் சண்டைகளையெல்லாம் போனில் பார்த்ததையும், ஒவ்வொன்றுக்கும் ஆஞ்சலாவுக்கு மண்ணை வாரித் தூற்றியதையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தக் கடைசிச் சண்டையில் ஆஞ்சலா திரும்பத் திரும்ப எழுந்தபோது, பிள்ளை களைத்துப்போகிறாளே என்று வயிறு எரிந்ததாம். இந்த வீட்டில் இப்போது மருமகள் இருக்கிறாள், மகன் இருக்கிறான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தோன்றுகிறது என்றாள்.

“எனக்கும்தாம்மா” என்றாள் ஆஞ்சலா.

சந்திரம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மதியம் சாய்ந்ததும் போன் அடித்தது. சந்திரம்மா வீடியோ அழைப்பை எடுத்து, ஆஞ்சலாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரஞ்சிதம் தடித்த ஸ்வெட்டரில், குளிரில் சிவந்த மூக்கோடு இருந்தாள். அம்மாவை எதிர்பார்த்துச் சிரித்த முகம் அப்படியே நின்றது. பின்னால் வெறும் சுவர், ஆளரவமே இல்லை.

“எப்போ வந்த?” என்றாள்.

“காலையில.”

ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். திரும்பியபோது, தெருவைக் காட்டு என்று கேட்டாள். ஆஞ்சலா போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வரிசை வீடுகள், கொடியில் காயும் துணி, குழாயடியில் குடங்கள், தெருக்கோடியில் சுரங்கக் கழிவு குவிந்து சாம்பல் நிறத்தில் எழுந்த மேடு. மெதுவாக நடந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் அவளை அடையாளம் கண்டு ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள். போனிலிருந்து சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

“ரஞ்சிதம்? தெரியுதா?”

“தெருவு தெரியுது” என்றது குரல். “போதும். உன் பக்கம் திருப்பு.”

ஆஞ்சலா நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைத் திருப்பினாள்.